ஃபெல்லோஷிப்: உதவித்தொகையா, வேலையா, ஆய்வு நல்கையா?

இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகங்கள் 'ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோஷிப்' அறிவிப்பு வெளியிடும்போதெல்லாம் தமிழில் அது இரண்டு விதமாக வருகிறது. ஒரு செய்தியில் 'மத்திய அரசு வேலை', இன்னொன்றில் 'கல்வி உதவித்தொகை'. இரண்டும் தவறு. வேலை என்று நம்பி வருபவர் பணி நிரந்தரம் எப்போது என்று கேட்கிறார். உதவித்தொகை என்று நினைப்பவர், கல்லூரியில் இருந்தபடியே பணம் வாங்கலாம் என்று எண்ணிவிடுகிறார். உண்மையில் அது, குறிப்பிட்ட காலத்துக்கு ஓர் ஆய்வகத்தில் குறிப்பிட்ட துறையில் முழுநேரமாக ஆராய்ச்சி செய்யத் தரப்படும் இடமும் அதற்கான மாதத் தொகையும் சேர்ந்த ஏற்பாடு.

சொல்லின் வேர் பழைய நார்ஸ் மொழியில் இருக்கிறது. 'ஃபேலாகி' என்றால் கூட்டுத்தொழிலில் முதல் போட்டவன், பங்காளி. 'ஃபே' ஆடுமாட்டையும் செல்வத்தையும் குறித்தது. 'லாக்' என்பது இடுதல். (தமிழிலும் மாடு என்றால் செல்வம்தான். கல்வியை உயர்த்திப் பேசும் 400ஆம் குறள் அந்தப் பொருளில்தான் அச்சொல்லை ஆள்கிறது.) பங்காளி என்ற பொருளிலிருந்து தோழன், குழுவின் உறுப்பினன் என்று சொல் விரிந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில், கல்லூரியின் வருமானத்தில் பங்கு பெற்று வாழும் அறிஞர் 'ஃபெல்லோ' ஆனார். இன்றைய ஆராய்ச்சி வழக்கு அங்கிருந்து வந்தது.

ஆகவே இச்சொல்லுக்கு இரண்டு கிளைகள். ஒன்று பெருமைக்குரிய உறுப்பினர் நிலை, மற்றொன்று தொகையோடு கூடிய ஆய்வு இடம். 1918இல் சீனிவாச ராமானுஜன் இரண்டையுமே பெற்றார். ராயல் சொசைட்டி அவரை ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுத்தது முதல் வகை. அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரி தந்தது இரண்டாம் வகை. தமிழில் முதலாவதை 'உறுப்பினர்' என்றால் போதும். சிக்கலெல்லாம் இரண்டாவதில்தான்.

மாதத் தொகையைக் குறிக்கும் 'ஸ்டைபெண்ட்' இலத்தீனின் 'ஸ்டிபெண்டியம்' என்பதிலிருந்து வந்தது. ரோமானியப் படைவீரனுக்குக் கொடுத்த சம்பளம் அது. படைக்கலன் ஆய்வகங்களில் இச்சொல் புழங்குவது பொருத்தமான தற்செயல். இங்கே அந்தத் தொகை 2014இல் மாதம் 25,000 ரூபாய், 2019இல் 31,000, 2023 ஜனவரி முதல் 37,000 ரூபாய். அடுத்த படியான சீனியர் நிலைக்கு 42,000. வீட்டு வாடகைப்படி தனியாக உண்டு, அது ஊரின் வகைப்படி மாறும். அகவிலைப்படி கிடையாது, போனஸ், ஓய்வூதியம் கிடையாது. எனவே அடுத்த திருத்த ஆணை வரும்வரை விலைவாசி ஏறினாலும் தொகை அப்படியே நிற்கும். ஊதியத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட இந்த ஒன்றே போதும்.

ஆவடியில் அர்ஜுன் டாங்கை வடிவமைத்த சி.வி.ஆர்.டி.இ., பெங்களூரில் ஜெட் எஞ்சின் ஆய்வு செய்யும் ஜி.டி.ஆர்.இ., ஹைதராபாத்தில் உலோகவியலுக்கான டி.எம்.ஆர்.எல்., கொச்சியில் சோனார் (நீருக்கடியில் ஒலியால் கண்டறியும் கருவி) ஆய்வுக்கான என்.பி.ஓ.எல். என ஒவ்வோர் ஆய்வகமும் தன் தேவைக்குத் தானே ஆள் எடுக்கும். பெரும்பாலும் நேரடி நேர்காணல். முதல் வகுப்பில் பி.இ. அல்லது பி.டெக். முடித்து, பொறியியல் பட்டதாரிகளுக்கான தேசியத் தேர்வான 'கேட்' மதிப்பெண் வைத்திருக்க வேண்டும். அல்லது இளநிலை, முதுநிலை இரண்டிலும் முதல் வகுப்போடு எம்.இ. அல்லது எம்.டெக். வேண்டும். அறிவியலில் என்றால் முதல் வகுப்பு எம்.எஸ்சி.யும், தேசியத் தகுதித் தேர்வான 'நெட்' தேர்ச்சியும். வயது வரம்பு பொதுவாக 28. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5 ஆண்டும் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 3 ஆண்டும் தளர்வு.

வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் அறிவுக் குறைவால் திரும்புவதில்லை, காகிதத்தால் திரும்புகிறார்கள். கேட் மதிப்பெண் 3 ஆண்டுக்குத்தான் செல்லும். நேர்காணல் நாளில் அது காலாவதியாகியிருக்கும். அறிவிப்பு மெக்கானிக்கல் தாளைக் கேட்டிருக்க, கையில் வேறு தாளின் மதிப்பெண் இருக்கும். சி.ஜி.பி.ஏ.வை விழுக்காடாக மாற்றும் சூத்திரத்துக்குப் பல்கலைக்கழகச் சான்று இருக்காது. வயது நேர்காணல் நாளில் கணக்கிடப்படுகிறதா, விண்ணப்பத்தின் கடைசி நாளிலா என்பது அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும். அரசு அல்லது பொதுத்துறை நிறுவனத்தில் இருப்பவர் தடையில்லாச் சான்று கொண்டுவர வேண்டும்.

உள்ளே போனபின் வரும் தடை வேறு வகை. முன்நடத்தை சரிபார்க்கப்படும். கைபேசியும் பென்டிரைவும் வாயிலுக்கு வெளியே நின்றுவிடும். அவை பழகிவிடும், பழகாதது ஆய்வுக் கட்டுரைக்கான முன் அனுமதி. ஆய்வகம் பார்த்து ஒப்புதல் தராமல் எந்தக் கட்டுரையும் ஆய்விதழுக்குப் போகக் கூடாது. இதே ஆய்வை வைத்து முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்பவரின் ஆய்வேட்டையோ வெளித் தேர்வாளர்கள் படித்துத்தான் ஆக வேண்டும். இந்த இரண்டும் மோதும் இடத்தில் பலரின் ஆண்டுகள் வீணாகின்றன. ஒரு டாங்கின் கவசத் தடிமன் ஆய்வேட்டில் வர முடியாது. ஆனால் அந்தக் கவச உலோகக் கலவையை எந்த வெப்பநிலையில் பதப்படுத்தினால் நுண்ணமைப்பு எப்படி மாறும் என்பதை, பொதுவில் கிடைக்கும் ஒரு கலவையைக் கொண்டு எழுதலாம். ஆகவே தலைப்பைப் பதிவு செய்யும் முன்பே, வெளியே சொல்லக்கூடிய பகுதி எது என்று ஆய்வக வழிகாட்டியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வதுதான் சரி. மூன்றாம் ஆண்டில் கேட்டால் காலம் போயிருக்கும்.

இனித் தமிழ்ச்சொல். 'உதவித்தொகை' படிப்புச் செலவுக்குத் தரும் துணை. அது ஸ்காலர்ஷிப்புக்கே இருக்கட்டும். 'நல்கை' இங்கே நன்றாகப் பொருந்துகிறது. நல்குதல் சங்கப் பாடல்களில் வழங்கும் சொல். மேகம் மழையை நல்காவிட்டால் கடலும் தன் இயல்பில் குன்றும் என்கிறது 17ஆம் குறள். யு.ஜி.சி.யைக் குறிக்கும் பல்கலைக்கழக நல்கைக் குழு என்ற வழக்கும் ஏற்கெனவே இருக்கிறது. எனவே ஃபெல்லோஷிப்புக்கு 'ஆய்வு நல்கை'.

அதைப் பெறுபவரை 'நல்கையாளர்' என்று சிலர் எழுதுகிறார்கள். கொடையாளர் என்றால் கொடுப்பவர். அந்த ஒழுங்கில் நல்கையாளரும் பணம் கொடுக்கும் அரசைத்தான் குறிக்கும். 'இளநிலை ஆய்வாளர்' இன்னும் மோசம்: தமிழ்நாட்டில் ஆய்வாளர் என்றதும் காவல் நிலையம் நினைவுக்கு வரும், இளநிலை என்றதும் பி.எஸ்சி. நினைவுக்கு வரும். 'நல்கை ஆராய்ச்சியாளர்' என்பதே குழப்பமற்றது. ஜூனியரை 'தொடக்கநிலை', சீனியரை 'மேல்நிலை' என்று பிரிக்கலாம். பேச்சில் 'ஜே.ஆர்.எஃப்.' என்ற ஆங்கிலச் சுருக்கத்தை யாரும் விடப்போவதில்லை, விட வேண்டியதும் இல்லை.

வாக்கியத்தில் வைத்தால்: 'ஆவடி ஆய்வகத்தில் தொடக்கநிலை நல்கை ஆராய்ச்சியாளராக இரண்டு ஆண்டு இருந்தார், பணியை மதிப்பிட்டு நல்கையை நீட்டித்தனர்.' இதில் 'பணி நியமனம்' என்று எழுதிவிடக் கூடாது. நல்கை முடிந்தபின் அதே ஆய்வகத்தில் விஞ்ஞானி பதவி பெற, ஆள்சேர்ப்பு மதிப்பீட்டு மையமான ஆர்.ஏ.சி. நடத்தும் தனித் தேர்வு முறைக்கு மற்றவர்களைப் போலவே விண்ணப்பிக்க வேண்டும்.