மல்லாந்து ஊரும் புழு

தொட்டி மண்ணை மாற்றும்போது கிடைத்தது என்று நண்பர் ஒருவர் படம் அனுப்பியிருந்தார். சுண்டுவிரல் பருமனில் வெள்ளைப் புழு, அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கிறது. "கொட்டுமா? கொன்றுவிடலாமா?" கொட்டாது, அதற்குக் கொடுக்கே கிடையாது. கொல்வதற்கு முன்னால் அது யார் என்று பார்த்துவிடலாம்.

முதலில் தலையையும் காலையும் பாருங்கள். தனியாகத் தெரிகிற தலையும் இல்லை, காலும் இல்லை என்றால் அநேகமாக ஈயின் புழு. முன்னால் மூன்று ஜோடிக் கால்களோடு வயிற்றுப் பக்கமும் சதைக்கால்கள் இருந்தால் அது வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி வகை. கெட்டியான பழுப்புத் தலை, முன்பக்கம் ஆறே ஆறு கால்கள், அவ்வளவுதான் என்றால் வண்டின் புழு. இதிலும் விதிவிலக்கு உண்டு, தானியத்துக்குள் வளரும் கூன்வண்டின் புழுவுக்குக் கால்களே கிடையாது. கம்பளித் துணியில் உடம்பெல்லாம் முடியோடு சின்னதாக ஊர்ந்தால் அது கம்பள வண்டின் புழு. அந்த முடி பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும்.

சரி, தொட்டிப் புழுவுக்கு வருவோம். அதை எடுத்துச் சமமான தரையில் விட்டுவிட்டுச் சற்று நேரம் சும்மா இருங்கள். சில புழுக்கள் சுருண்டபடியே பக்கவாட்டில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருக்கும். ஆனால் ஒரு வகை மெதுவாக உடம்பை நிமிர்த்தி, மல்லாந்து, ஆறு கால்களும் வானத்தைப் பார்க்க, முதுகாலேயே ஊர்ந்து போகும்! முதல் தடவை பார்த்தபோது புழுவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நானே இரண்டு முறை திருப்பிப் போட்டேன், இரண்டு முறையும் அது பிடிவாதமாக மல்லாந்துகொண்டது.

அந்த உடம்புக்கு அந்தக் கால்கள் போதாது, அதுதான் விஷயம். முதுகிலோ தோல் மடிப்பு மடிப்பாக இருக்கிறது, மடிப்புகளில் குட்டையான விறைத்த முடிகள். மடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கி விரியும்போது உடம்பில் ஓர் அலை ஓடுகிறது, முடிகள் பிரஷ் போலத் தரையைப் பிடித்துக்கொள்ள உடம்பு முன்னால் நகர்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பொழுது போவதே தெரியாது.

இப்படி ஊர்வது பூக்களில் மகரந்தம் தின்ன வரும் மலர் வண்டுகளின் குடும்பம். இவற்றின் புழுக்கள் பெரும்பாலும் மட்கிய இலையையும் மரத்தூளையும் தின்பவை. வால் பக்கம் சாம்பல் நிறமாகத் தெரிவது நோயில்லை, பின்குடலில் இருக்கும் சரக்கு தோல் வழியாகத் தெரிகிறது; செரிக்காத நாரை அங்கேதான் நுண்ணுயிரிகள் நொதிக்க வைக்கின்றன. உங்கள் மண்ணை இலவசமாக உரமாக்குகிற ஆள்மேல் மருந்தை ஊற்றுவானேன்?

மல்லாராத புழு என்றால் வேரைத் தின்பதாக இருக்கலாம், காண்டாமிருக வண்டின் புழுவாகவும் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள வால் நுனியின் அடிப்பக்க முடி வரிசையைப் பார்க்க வேண்டும்: ஜப்பானிய வண்டின் புழுவுக்குச் சின்ன ஆங்கில 'வி' எழுத்து மாதிரி, சில வேர்ப்புழுக்களுக்கு ஜிப் வைத்துத் தைத்தது மாதிரி. பளபளக்கும் வண்டுகளுக்குக் கிடைக்கிற கவனத்தில் கால்வாசியாவது, நிதியும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இந்தப் புழுக்களை வகைப்படுத்துகிறவர்களுக்குக் கிடைக்கலாம்.

நண்பரின் புழு மல்லாந்து ஊர்ந்ததாம். வீடியோவும் அனுப்பினார். திரும்பவும் தொட்டியிலேயே போட்டுவிட்டார்.