போஸ்டிங் போகும் இமேஜிங் மாணவர்களே, உதவ ஓடுவதற்கு முன் ஒரு நிமிடம்

முதன்முறையாக கிளினிக்கல் போஸ்டிங், அதாவது மருத்துவமனையில் எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கப் பழகும் பயிற்சிக்கு வரும் மாணவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலை தருவது அவர்களுடைய ஆர்வம்தான். சும்மா நிற்கக் கூச்சப்படுவார்கள், "நல்ல பையன், நல்ல பொண்ணு" என்று சீனியர்களிடம் பெயர் வாங்க நினைப்பார்கள், அழுகிற குழந்தையை எக்ஸ்ரே மேஜையில் படுக்கவைத்ததும் யாரும் கேட்காமலே ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

எக்ஸ்போஷரின்போது, அதாவது கதிர் பாயும் நேரத்தில், நோயாளியைப் பிடித்துக்கொள்வது மாணவர் வேலை கிடையாது. துறையில் வேலை செய்கிறவர்கள்கூட அதைப் பழக்கமாக்கக் கூடாது. அம்மாவோ அப்பாவோ பிடித்தால் என்றோ ஒரு நாள், நாம் பிடிக்க ஆரம்பித்தால் தினமும். முதலில் ஸ்பாஞ்ச், மணல் மூட்டை, பெல்ட் எல்லாம் பாருங்கள். அதிலும் முடியாதபோதுதான் கர்ப்பமாக இல்லாத ஓர் உறவினர், அவருக்கும் ஈய ஏப்ரன் போட்டு, நேர்க்கதிர் படாத பக்கமாக நிறுத்தி. "ஏப்ரன் போட்டிருக்கேனே சார்" என்று பலர் சொல்வார்கள். 0.25 அல்லது 0.5 மி.மீ. ஈயத்துக்குச் சமமான அந்த ஏப்ரன் நோயாளி மேல் பட்டுச் சிதறி வரும் கதிரைத் தடுக்கத்தான். நேர்க்கதிருக்குள் நீட்டிய கையை அது காப்பாற்றாது.

போர்ட்டபிள், அதாவது மெஷினை நோயாளியின் படுக்கைக்கே தள்ளிப்போய் எக்ஸ்ரே எடுக்கும்போது தூரம்தான் உங்கள் பெரிய பாதுகாப்பு. நோயாளியிடமிருந்து பக்கவாட்டில் 1 மீட்டர் தள்ளி வரும் சிதறல், அவர் மேல் விழும் கதிரில் தோராயமாக ஆயிரத்தில் ஒரு பங்கு. 2 மீட்டர் போய்விட்டால் அதிலும் கால்வாசிதான். அதனால் சுவிட்ச் ஒயரை முழுசாக இழுத்து, எட்டி நின்று, "எக்ஸ்ரே" என்று சத்தமாகச் சொல்லி, பக்கத்துப் படுக்கை நர்ஸ் விலகிவிட்டாரா என்று கண்ணால் பார்த்த பிறகு அழுத்துங்கள்.

சட்டையில் மாட்டும் டிஎல்டி பேட்ஜ் உங்களைப் பாதுகாக்காது, வாங்கிய கதிரை அளக்கும், அவ்வளவுதான். ஏப்ரனுக்கு உள்ளே, மார்பு மட்டத்தில் போடுங்கள். நண்பருக்கு இரவல் கொடுக்காதீர்கள், கழற்றிய ஏப்ரனோடு எக்ஸ்ரே அறையிலேயே மாட்டிவிட்டுப் போகாதீர்கள், அங்கே அது வாங்குவதெல்லாம் உங்கள் கணக்கில் ஏறும். சர்வதேச அணுசக்தி முகமையின் பாதுகாப்புத் தரத்தில் ஊழியர்களுக்கான வரம்பு 5 ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிரின் அளவு), 16 முதல் 18 வயதுப் பயிற்சியாளர்களுக்கு 6. அதுவரைக்கும் வாங்கலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கர்ப்பமாக இருக்கும் மாணவி என்றால் தயங்காமல் பொறுப்பாளரிடம் சீக்கிரமே சொல்லிவிடுங்கள், போஸ்டிங்கை மாற்றித் தர முடியும்.

அப்புறம் எம்ஆர்ஐ. இங்கே உதவும் அவசரம் உயிரையே எடுத்திருக்கிறது. 2001இல் நியூயார்க் மாநிலத்தில், ஸ்கேனரில் இருந்த 6 வயதுச் சிறுவனுக்கு ஆக்சிஜன் கொடுக்க ஓர் இரும்பு சிலிண்டரை அறைக்குள் கொண்டுவந்தார்கள். காந்தம் அதை இழுக்க, அது தலையில் மோதி அந்தக் குழந்தை இறந்துபோனது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஸ்கேன் ஓடாதபோதும் அந்தக் காந்தம் ஓய்வதில்லை, 1.5 டெஸ்லா என்றால் பூமியின் காந்தப்புலத்தைப் போலச் சுமார் 30,000 மடங்கு. சுவரில் இருக்கும் மின்சார எமர்ஜென்சி பொத்தானை அழுத்தினாலும் காந்தம் அணையாது; காந்தப்புலத்தையே இல்லாமல் செய்வது குவென்ச் பொத்தான், அது வேறு, அதைத் தொடுவது உங்கள் முடிவு அல்ல. உள்ளே நோயாளி மயங்கினால் அவரைக் காந்தத்துக்கு ஒத்துவரும் ட்ராலியில் வெளியே கொண்டுவந்துதான் முழு சிகிச்சை. அந்த நேரத்தில் ஒரு மாணவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, வாசலில் நின்று, ஸ்டெத்தும் சிலிண்டருமாக ஓடிவருகிறவர் பெரிய டாக்டராகவே இருந்தாலும் உள்ளே விடாமல் தடுப்பது.

சீனியரிடம் "தெரியாது" என்று சொல்ல வெட்கப்படுகிறீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் கூட்டம் அதிகமான நாளில் "நீயே எடுத்துடு" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகும்போது, "சார், இதை நான் தனியா எடுத்ததில்லை, கொஞ்சம் பக்கத்துல நில்லுங்க" என்று கேட்டே ஆகவேண்டும். படம் சரியாக வராமல் ரிப்பீட் எடுக்கவேண்டி வந்தால் தகுதி பெற்றவர் பக்கத்தில் இல்லாமல் சுவிட்சைத் தொடவே கூடாது, அந்தக் கூடுதல் கதிர் போவது நோயாளிக்கு.

"நீங்கதானே முருகன்?" என்று நோயாளியிடம் கேட்காதீர்கள். பதற்றத்தில் இருப்பவரும் காது சரியாகக் கேட்காதவரும் தலையாட்டிவிடுவார்கள். பெயரையும் பிறந்த தேதியையும் அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். இடது வலது பக்கம் காட்டும் மார்க்கரை, படம் எடுக்கும் முன்பே வையுங்கள். கர்ப்பமா என்று கேட்பதை, உடன் வந்தவர்கள் காதில் விழாமல் கேளுங்கள். அரிய கேஸ் என்று மானிட்டரைப் போனில் படம் பிடித்து குரூப்பில் போடவே போடாதீர்கள், ஓரத்தில் அவர் பெயரும் எண்ணும் இருக்கும்.

"எலும்பு உடைஞ்சிருக்கா தம்பி?" என்று நிச்சயம் கேட்பார்கள். தெரிந்தாலும் சொல்லக் கூடாது, முகத்திலும் காட்டக் கூடாது. "டாக்டர் பார்த்துச் சொல்வாங்க" என்பதோடு நிறுத்தாமல், ரிப்போர்ட் எப்போது வரும், எங்கே வாங்கவேண்டும் என்பதையும் விசாரித்துச் சொல்லுங்கள். வலியோடு காத்திருப்பவருக்கு அதுவும் தேவை.