வெப்பமானி என்று நினைத்த ஓடு

கடலடியில் துளையிட்டு எடுத்த சேற்றை 63 மைக்ரான் சல்லடையில் போட்டு அலசினால் களிமண் ஓடிவிடும். மிஞ்சுவது வெள்ளை மணல் மாதிரி இருக்கும். நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும், பாதிக்கு மேல் மணலே இல்லை. அறை அறையாகச் சுருண்ட ஓடுகள். ஃபொராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிர் கட்டிய வீடுகள். ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டெடுத்து இனம் பிரிப்பார்கள். கண் வலிக்கும் வேலை.

ஓடு முழுக்கச் சுண்ணாம்புதான். அதிலுள்ள ஆக்சிஜன் அந்த உயிர் வாழ்ந்த கடல்நீரிலிருந்து வந்தது. ஆக்சிஜனில் எடை குறைந்த 16, எடை கூடிய 18 என்று வகைகள் உண்டு (17 ஒன்றும் இருக்கிறது, அதை விட்டுவிடலாம்). நீர் குளிரக் குளிர ஓட்டில் 18இன் பங்கு சற்றே கூடும் என்று 1947இல் வேதியியலாளர் ஹரால்ட் யூரி கணக்கிட்டார். நிலவியலாளர் சேசரே எமிலியானி அதை வைத்து, மேல்நீரில் மிதந்து வாழ்ந்து ஆழ்கடல் சேற்றில் படிந்த ஓடுகளை அளந்து, 1955இல் பனியுகங்களின் வெப்பநிலை வரைபடத்தையே வெளியிட்டார்.

சிக்கல் இனிமேல்தான். கடல்நீர் ஆவியாகும்போது இலேசான 16 முந்திக்கொள்ளும். அது துருவங்களில் பனியாக விழுந்து உருகாமல் கிடந்தால், கடலில் 18 மிகுந்துவிடும். ஆக, ஓட்டில் 18 கூடியிருந்தால் கடல் குளிர்ந்ததா, நிலத்தில் பனி பெருகியதா? பனியின் பங்கு சிறிதுதான் என்று எமிலியானி எடுத்துக்கொண்டார்.

1967இல் நிலவியலாளர் நிக்கோலஸ் ஷாக்கில்டன் கடலடியில் வாழ்ந்த வகைகளின் ஓடுகளை அளந்தார். ஆழ்கடல் இன்றைக்கே உறைநிலைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பனியுகத்தில் இன்னும் குளிர இடம் எங்கே? ஆனாலும் மேலே மிதந்தவற்றிலும் அடியில் கிடந்தவற்றிலும் மாற்றம் ஏறக்குறைய ஒரே அளவு. அப்படியானால் அதில் பெரும்பங்கு பனியின் கணக்கு! இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வாதம் இதுதான். 1976இல் ஷாக்கில்டனும் இரு சகாக்களும் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிச் சேற்றில் பனியுகங்கள் வந்துபோன ஏறத்தாழ 1,00,000, 41,000, 23,000 ஆண்டுச் சுழற்சிகளைக் கண்டார்கள். பூமியின் சுற்றுப்பாதையும் சாய்வும் மாறும் காலக்கணக்கோடு அவை ஒத்துப்போயின.

வெப்பத்தைத் தனியே பிரிக்க இப்போது மக்னீசியம் உதவுகிறது. வெதுவெதுப்பான நீரில் கட்டிய ஓட்டில் அது கூடுதலாகச் சேரும். ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஆழத்தில் ஓடு கரையத் தொடங்கினால் முதலில் போவது மக்னீசியம் மிகுந்த பகுதிதான். பழைய கடல் உள்ளதைவிடக் குளிர்ந்ததாகக் காட்டும். அதனால் அளப்பதற்கு முன் ஓட்டின் சுவர் அரித்துப்போயிருக்கிறதா என்று மறுபடியும் நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள்.