அடி பிடிப்பது எப்படி, விடுவது எப்படி

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் கன்னடப் பெரியம்மாவுக்கு மூக்கு மிகவும் கூர்மை. போன மாதம் திரட்டுப்பால் கிளறிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ அழைத்தார்கள். ஐந்து நிமிடம்தான் போயிருப்பேன். படிக்கட்டிலிருந்து அவர் குரல் வந்துவிட்டது: “தள ஹிடிதிதெ!” நாம் ‘அடி பிடித்துவிட்டது’ என்கிறோமே, சொல்லுக்குச் சொல் அதேதான். இரண்டு மொழிகளும் இதை எரிதல் என்று சொல்லவில்லை, பிடித்தல் என்கின்றன. வேதியியல் நோக்கிலும் அதுதான் சரியான சொல். பாத்திரத்தை மீட்கும் வழியும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. கருமையை எப்படி அழிப்பது என்று யோசிப்பதைவிட, பிடியை எப்படித் தளர்த்துவது என்று யோசிக்க வேண்டும்.

மேலாக இருந்த பாலை, அடியைச் சுரண்டாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றினேன். அது கெடவில்லை. பிறகு குண்டானை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி. அதைச் சுற்றி வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு வளையம். ஓரத்தில் மெல்லிய மஞ்சள் படலம். அடுப்பின் சூடு எங்கே எவ்வளவு ஏறியது என்பதற்கு அதுவே வரைபடம்.

பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று இருக்கும்வரை அடி பிடிப்பது அரிது. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் வரும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். பால் சுண்டிக் குழம்பாகும்போது அந்தக் காவல் போய்விடுகிறது. குழம்பு சுழலாது. அடியில் இருப்பது அடியிலேயே கிடந்து நீரை இழக்கும். உலோகத்தின் சூடு 150, 200 டிகிரி என்று ஏறிக்கொண்டே போகும். எவர்சில்வர் இதை இன்னும் மோசமாக்குகிறது. வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தின் பத்தில் ஒரு பங்கு திறன்கூட அதற்குக் கிடையாது. சுடர் படும் இடத்துச் சூடு பக்கவாட்டில் பரவாமல் அங்கேயே தேங்கிவிடும். கரி நடுவில் மட்டும் விழுந்ததற்குக் காரணம் இதுதான்.

முதலில் பிடிப்பது புரதம். சுமார் 70 டிகிரியைத் தாண்டியதும் பாலின் மோர்ப்புரதங்கள் தம் சுருள் அவிழ்ந்து, உலோகப் பரப்பிலும் ஒன்றோடொன்றும் ஒட்டிக்கொள்கின்றன. பாலில் உள்ள கால்சியம் பாஸ்பேட்டுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. சூடு ஏற ஏற அதன் கரைதிறன் குறையும். ஆகவே அதுவும் அங்கே படிந்து, செங்கற்களுக்கு இடையே சிமெண்டு போல இறுகிவிடும். ஓரத்து மஞ்சள் படலம் இவை சேர்ந்ததுதான். 140 டிகிரி வாக்கில் சர்க்கரையும் புரதமும் வேகமாகச் சேர்ந்து பழுப்பாகின்றன. 1912-இல் பிரெஞ்சு வேதியியலர் லூயி கமீல் மயார் விளக்கிய வினை இது. தோசைக்கு நிறமும் மணமும் தருவதும் இதே வினைதான். அதையும் கடந்து சூடு ஏறினால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியேறி, மிஞ்சுவது பெரும்பாலும் கார்பன்.

இந்தக் கார்பனைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சமையலறையில் இருக்கும் எந்தப் பொருளும் அதைக் கரைக்காது. எலுமிச்சையும் கரைக்காது, சோடாவும் கரைக்காது. ஆனால் கரி என்பது வெடிப்பும் துளையுமான பொருள். அதன் இடுக்குகளில் முழுதும் கருகாத புரதமும் கொழுப்பும் பசையாக நிற்கின்றன. நாம் கரைக்க வேண்டியது அந்தப் பசையைத்தான். அது போனால் கரி தானே உதிரும்.

அதற்கு ஏற்றது ஆப்ப சோடா. குண்டானில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, இரண்டு மேசைக்கரண்டி சோடா போட்டு, சிறுதீயில் கால் மணி நேரம் கொதிக்க விட்டேன். கொதிக்க விடுவது வெறும் சூட்டுக்காக அல்ல. அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஆப்ப சோடா கரைசலில் எட்டை ஒட்டியே இருக்கும், மென்மையான காரம். கொதிக்கும்போது அது கார்பன் டை ஆக்சைடை இழந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சலவை சோடாவாக மாறுகிறது. பி.எச். பத்தை நோக்கி ஏறும். இந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், காரத்தின் வீரியம் பல மடங்கு கூடிவிடும். அந்தக் காரம் கொழுப்பைச் சோப்பாக மாற்றுகிறது. புரத இழைகளுக்கு மின்னேற்றம் கொடுத்து, அவை ஒன்றையொன்று விலக்கி உப்பும்படி செய்கிறது.

பத்து நிமிடத்தில் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்தது. பழுப்பு வளையத்தின் விளிம்பு, காய்ந்த பாலாடை போல மெல்லச் சுருண்டு எழுந்து ஆடியது. அதன் அடியில் ஒரு சின்னக் குமிழி நுழைந்து படலத்தை உலோகத்திலிருந்து நெம்பிக்கொண்டிருந்தது. கை வைக்காமல் அடுப்பை அணைத்து இரவு முழுதும் ஊறவிட்டேன். காலையில் மரக்கரண்டியால் தள்ளியபோது பெரும்பகுதி சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வந்தது.

நம் பாட்டிமார் சாம்பல் போட்டுத் துலக்கியதும் இதே வேதியியல்தான். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்னும் காரம் இருக்கிறது. ஆங்கிலத்தில் காரத்துக்கு வழங்கும் ‘ஆல்கலி’ என்ற சொல்லே செடிச் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். துலக்கத் தேங்காய் நார் எடுத்ததும் நல்ல தேர்வு, அது எவர்சில்வரைக் கீறாது. மணல் கீறும். பொருள்களின் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவுகோலில் மணல் ஏழு, எவர்சில்வர் ஏறக்குறைய ஆறு. அழுத்தித் தேய்த்த ஒவ்வொரு கீறலும் அடுத்த முறை புரதம் பற்றிக்கொள்ள ஒரு கைப்பிடி.

கரி போன பிறகு குண்டானின் அடியில் வெண்மையாக ஒரு பூச்சு தெரிந்தது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் புழங்கும் பெங்களூரு வீடுகளில் இது பழகிய காட்சி. அந்தக் கடின நீரிலுள்ள கால்சியம், சோடாவோடு சேர்ந்து சுண்ணாம்பாகப் படிந்துவிடுகிறது. பாலின் கால்சியம் பாஸ்பேட்டும் கூடவே இருக்கும். இதைக் காரத்தால் தொட முடியாது, அமிலம் வேண்டும். சோடாவை நன்றாகக் கழுவிவிட்டு, ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்த வெந்நீரைப் பத்து நிமிடம் வைத்ததும் வெண்மை மறைந்தது. அதிகம் சூடேறிய எவர்சில்வரில் நீலமும் ஊதாவுமாகத் தெரியும் வானவில் கறையும் இதிலேயே போகும். அது அழுக்கே அல்ல. உலோகத்தைக் காக்கும் குரோமியம் ஆக்சைடு படலம் சூட்டில் தடித்து, ஒளியைப் பிரித்துக் காட்டுவதுதான்.

ஆகவே முதலில் காரம், பிறகு அமிலம். இரண்டையும் சேர்த்து ஊற்றச் சொல்லும் காணொளிகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. வினிகரும் சோடாவும் சேர்ந்தால் நுரை பொங்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, கடைசியில் நிற்பது சோடியம் அசிடேட் என்ற உப்புத் தண்ணீர். நல்ல இரண்டு பொருள்கள் வீண்.

அலுமினியம், இண்டாலியம் பாத்திரங்களில் சோடா போட்டுக் கொதிக்க வைக்கவே கூடாது. காரம் அந்த உலோகத்தையே அரித்துக் கருக்கச் செய்யும். அவற்றுக்குப் புளித்தண்ணீரோ எலுமிச்சைத் தோலோ போதும். நான்ஸ்டிக் சட்டியைச் சுரண்டக் கூடாது. இரும்புத் தோசைக்கல்லின் கருமை எண்ணெய் இறுகி உருவான காப்பு, அதை நீக்கவே வேண்டாம். குளோரின் கலந்த பிளீச் எவர்சில்வரில் ஊசித்துளை போலக் குழிகளை உண்டாக்கும். அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயுவும் வரும். எந்தப் பாத்திரமானாலும், சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீரை ஊற்றினால் அடி வளைந்துவிடலாம்.

என் குண்டானில் நடுவே மட்டும் ஒரு ரூபாய் நாணய அளவு கருமை மிஞ்சியது. வேலைக்கு வரும் முனியம்மா அக்கா அதைப் பார்த்துவிட்டு, “சுரண்டாதே கண்ணு, வெயிலில் வை” என்றார். இரண்டு நாள் மொட்டைமாடியில் காய்ந்ததும், ஈரம் முழுதும் போய்ச் சுருங்கிய கரி வெடிப்பு விட்டிருந்தது. அன்றிரவு அந்த வெடிப்புகளுக்குள் மறுபடியும் சோடாத் தண்ணீர் இறங்கியது. காலையில் நகத்தால் தொட்டதும் ஒரே சில்லாகக் கழன்று கையில் வந்தது.