குறைகிற கூலன்ட் எங்கே போகிறது?

தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறும் வளைந்த சாலையில், பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும் கார்கள் புதிதல்ல. "நம் மலேசியாவில் பனியா கொட்டுகிறது, கூலன்ட் ஊற்ற? ரேடியேட்டருக்குப் பைப் தண்ணீரே போதும்" என்ற பேச்சு தோட்டப்புறத்தில் இன்னும் ஓயவில்லை. எத்தனையோ நல்ல இன்ஜின்களைப் பாழாக்கிய பேச்சு இது.

எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, வெப்பமாக இன்ஜினைச் சுற்றி ஓடும் நீரில் இறங்குகிறது. பம்ப் அதை ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. காற்று அங்கே வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் கெட்டிக்காரன். எத்திலீன் கிளைக்கால் என்னும் வேதி நீர்மத்தைக் கலந்தால் அந்தத் திறன் சற்றுக் குறையவே செய்யும். இருந்தும் கலக்கிறோம்; இந்தக் கலவைதான் கூலன்ட். கிளைக்கால் கொதிநிலையை உயர்த்துகிறது. கூலன்ட்டில் சேர்த்திருக்கும் வேதிப்பொருள்கள் அலுமினியத்தையும் இரும்பையும் அரிப்பிலிருந்து காக்கின்றன. பைப் தண்ணீரில் இந்தக் காப்பு கிடையாது. அதிலுள்ள தாது உப்புகள் உள்ளே படிந்து, குறுகலான குழாய்களை அடைக்கும்.

மலைப்பாதையில் இன்னொன்றும் சேர்கிறது. தானா ராத்தா 1,400 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அங்கே சுமார் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். இன்ஜினோ வழக்கமாகவே 90 டிகிரியை ஒட்டி ஓடுவது. ஏற்றத்தில் அதையும் தாண்டும். இங்கே கைகொடுப்பது ரேடியேட்டர் மூடி. குக்கரைப் போல உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால், தண்ணீரும் கிளைக்காலும் சரிபாதி கலந்த கூலன்ட்டின் கொதிநிலை 125 டிகிரியை ஒட்டிப் போய்விடுகிறது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அந்த அழுத்தம் ஒரே நொடியில் விழும்; உள்ளிருப்பது ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். ஆகவே இன்ஜின் முழுக்க ஆறும்வரை மூடியில் கை வைக்காதீர்கள்.

அளவு பார்க்கக் காலை நேரமே சரி. சூடேறிய கூலன்ட் விரிந்து, மூடியின் வால்வைத் தள்ளிக்கொண்டு பக்கத்துப் பிளாஸ்டிக் தொட்டிக்கு வருகிறது. ஆறியதும் திரும்ப உறிஞ்சப்படுகிறது. ஓடி வந்த கையோடு பார்த்தால் அளவு கூடுதலாகவே தெரியும். ஆறிய நிலையில் தொட்டியின் இரு கோடுகளுக்கு நடுவே இருந்தால் போதும். ஆனால் தொட்டியை மட்டும் நம்பிவிடக் கூடாது. மூடியின் ரப்பர் கெட்டாலோ, இடையிலுள்ள சிறு குழாய் வெடித்தாலோ, தொட்டி நிறைந்திருக்க ரேடியேட்டர் காய்ந்து கிடக்கும். தனி மூடி உள்ள ரேடியேட்டர் என்றால், ஆறிய பின் அதையும் திறந்து பாருங்கள். கழுத்துவரை நிறைந்திருக்க வேண்டும்.

பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருளல்ல கூலன்ட். மூடிய சுற்றில் ஓடுவது. ஆகவே அடிக்கடி குறைகிறது என்றால் எங்கோ வெளியேறுகிறது. ஊற்றி ஊற்றிச் சமாளிப்பது வைத்தியமாகாது. குழாய் மாட்டும் இடங்களிலும் பம்பின் அடியிலும் டார்ச் அடித்துப் பாருங்கள்: கசிந்து காய்ந்த கூலன்ட் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ பொருக்குத் தட்டியிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாமல், எண்ணெய் மூடியின் உட்புறம் பாலாடை போல வெளுத்திருக்க, புகைக்குழாயில் ஓயாத வெண்புகையும் வந்தால், இன்ஜினின் மேல்பகுதிக்கும் உடலுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அந்தக் காரை ஓட்டாமல் பட்டறைக்கு இழுத்துச் செல்வதே நல்லது.

இன்ஜின் வெப்பத்தைக் காட்டும் முள்ளை மட்டும் நம்பி ஓட்டுபவர்களுக்கு ஒன்று: கூலன்ட் மிகவும் வற்றிவிட்டால், வெப்பத்தை அளக்கும் சென்சார் நீரில் நனையாமல் காற்றில் நிற்கும். இன்ஜின் வெந்துகொண்டிருக்க, முள் சாதுவாக நடுவிலேயே இருக்கக்கூடும்.

செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடும் கார்களுக்கு, ரேடியேட்டர் தகடுகளுக்கிடையே அப்பிய மண்ணைக் கழுவுவதும் அவசியம். கூலன்ட் நிறைந்திருந்தும் காற்று நுழையாவிட்டால் பயனில்லை. நிறத்தை வைத்து இரண்டு வகைக் கூலன்ட்டைக் கலக்க வேண்டாம். நிறம் வகையைச் சொல்வதில்லை. வீட்டு முற்றத்தில் சிந்தினால் உடனே துடைத்துக் கழுவுங்கள். கிளைக்கால் இனிக்கும், நாயோ பூனையோ நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும்.