ஜீப்பும் வல்லுந்தும்

‘மிலிட்டரி ஜீப் விற்பனைக்கு’ என்று ஓர் அறிவிப்பு. போய்ப் பார்த்தால் அங்கே நிற்பது போர்க்களம் கண்ட வண்டியாக இருக்கலாம். போர் முடிந்தபின் உழவர்களுக்கென்று செய்த வண்டிக்கு ராணுவப் பச்சை பூசியதாக இருக்கலாம். ஒன்றுக்கும் தொடர்பில்லாமல் லேண்ட் ரோவர் என்ற பிரிட்டிஷ் வண்டியாகவும் இருக்கலாம். விற்பவரைப் பொய்யர் என்று சொல்ல முடியாது. மூன்றையும் நாம் ஜீப் என்றுதான் அழைக்கிறோம்.

இச்சொல்லுக்குள் மூன்று பொருள்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. 1941 முதல் 1945 வரை அமெரிக்கப் படைக்காகச் செய்த ஒரு குறிப்பிட்ட வண்டி முதல் பொருள். பதிவுபெற்ற வணிகப் பெயர் இரண்டாவது. மேடுபள்ளம் பாராமல் ஓடும் எந்தத் திறந்த வண்டியும் மூன்றாவது. பேச்சில் மூன்றாவது போதும். பணம் கொடுத்து வாங்கப் போகிறவர் முதல் இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

ஜீப் என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் பலரும் ஒரே கதையைச் சொல்வார்கள்: ‘பொதுப் பயன்பாடு’ என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் ஜி, பி, அவற்றை வேகமாகச் சொன்னால் ஜீப். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃபோர்டு நிறுவனத்தின் குறியீட்டில் ஜி என்பது அரசு ஒப்பந்தத்தைக் குறித்தது. பி என்பது 80 அங்குலச் சக்கர இடைவெளி கொண்ட வண்டிக்கான எழுத்து. பொதுப் பயன்பாடு என்ற பேச்சே அதில் இல்லை. படையின் ஏடுகளிலோ வண்டியின் பெயர் ‘கால் டன் டிரக், 4×4’. இந்தக் ‘கால் டன்’ பிறகு நமக்குத் தேவைப்படும்.

அந்த வண்டிக்கு முன்பே ‘ஜீப்’ என்ற சொல் படைவீரர்களின் வாயில் இருந்தது. புதிதாகச் சேர்ந்த பயிற்சியில்லாத ஆளையும், இன்னும் சோதித்துப் பார்க்காத வண்டியையும் அப்படிக் கேலியாக அழைத்திருக்கிறார்கள். 1936இல் பொப்பாய் கேலிச்சித்திரத் தொடரில் யூஜீன் என்ற விந்தை விலங்கு வந்தது. அது எழுப்பும் ஒலி ‘ஜீப்’. அதன் இனத்துக்கும் அதுவே பெயர். எங்கும் நுழையும், எதையும் சமாளிக்கும், நினைத்தால் மறைந்தும் போகும். நான்கு ஆண்டுகள் கழித்து எங்கும் நுழையும் ஒரு சிறிய வண்டி வந்தபோது அதன்மேல் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. 1941இன் தொடக்கத்தில் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் வண்டியை ஏற்றிக் காட்டினார்கள். ஓட்டியவர் அதை ஜீப் என்று சொல்ல, செய்தித்தாள் அப்படியே அச்சிட்டது. நான் எடை போட்டுப் பார்த்தவரை, பெயரின் தாய்வீடு படைவீரர் பேச்சு. யூஜீன் அதற்கு மெருகேற்றியது. செய்தித்தாள் ஊரறியச் செய்தது. முதலெழுத்துக் கதை பின்னால் வந்து கட்டிய காரணம்.

வண்டியின் பிறப்பும் அவசரத்தில் நடந்ததுதான். 1940இல் அமெரிக்கப் படை 135 நிறுவனங்களுக்கு அழைப்பு அனுப்பியது. மாதிரி வண்டியைச் செய்து முடிக்க 49 நாள் கெடு. எடை 1,300 பவுண்டைத் தாண்டக் கூடாது. கெடுவுக்குள் முடித்துக் கொடுத்தது பென்சில்வேனியாவில் இருந்த பேண்டம் என்ற சிறிய நிறுவனம். வரைந்தவர் கார்ல் பிராப்ஸ்ட். 1,300 பவுண்டு யாராலும் எட்ட முடியாத கணக்கு என்று பிறகுதான் தெரிந்தது. கடைசியில் உருவான வண்டி ஒரு டன்னைத் தாண்டியது. பெரிய ஒப்பந்தம் 60 குதிரைத்திறன் எஞ்சின் வைத்திருந்த வில்லிஸ் நிறுவனத்துக்கும் பெரிய தொழிற்சாலை வைத்திருந்த ஃபோர்டுக்கும் போயிற்று. இருவரும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் செய்து குவித்தார்கள். பேண்டத்துக்குக் கிடைத்தது இழுவைப் பெட்டிகள் செய்யும் வேலை. பெற்றவள் ஒருத்தி, பேர் வாங்கியவள் வேறொருத்தி.

பேர் வாங்கியது என்று சும்மா சொல்லவில்லை. ஜீப்பை உருவாக்கியது தானே என்று வில்லிஸ் விளம்பரம் செய்ய, அது தவறான விளம்பரம் என்று அமெரிக்க வணிக ஆணையம் தீர்ப்புச் சொன்னது. இருந்தும் 1950இல் பெயர் வில்லிஸின் உடைமையாகப் பதிவாயிற்று. ‘டொயோட்டா ஜீப்’ என்று 1951இல் பிறந்த ஜப்பானிய வண்டி 1954இல் லேண்ட் குரூசர் ஆனதற்கு இந்த வணிகப் பெயர்தான் காரணம். ஒரு கேலிச்சொல் சொத்தாக மாறியதும் மற்றவர்கள் வேறு பெயர் தேடவேண்டி வந்தது.

இனி வாங்குபவருக்கு. போர்க்கால வண்டி இரண்டு வகை: வில்லிஸ் எம்.பி., ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. பெரும்பாலானவற்றின் முகப்பில் ஒன்பது பிளவுகள் இருக்கும். விளக்குகள் முகப்புக்குள் அடங்கியிருக்கும். பின்புறம் திறக்கும் கதவு கிடையாது. உபரிச் சக்கரம் அங்கே தொங்கும். 1945இல் வந்த குடிமக்கள் வண்டி சி.ஜே. 2ஏவுக்கு ஏழு பிளவு, துருத்திய பெரிய விளக்கு, பின்னால் திறப்பு. ஏழு பிளவைக் கண்டவுடன் ராணுவ வண்டியில்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது: 1950இல் படைக்கு வந்த எம்.38க்கும் ஏழுதான்.

முகப்பு மெல்லிய தகடு. அதை ஒரே பகலில் மாற்றிவிடலாம். அடிச்சட்டத்தைப் படுத்துப் பாருங்கள். எஞ்சினுக்கு முன்னால் குறுக்கே போகும் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ், கவிழ்த்த பள்ளத் தகடாக இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு தன் போல்ட்டுகளின் தலையில்கூட ‘எஃப்’ எழுத்தைப் பொறித்து வைத்தது. ஒரு சட்டமும் இன்னொன்றின் எஞ்சினும் மூன்றாவதின் உடலுமாகச் சேர்த்த கலவைகள்தாம் இன்று மிகுதி. ஓட்டி மகிழ அது போதும். கலவை என்று தெரிந்து, அதற்குரிய விலைக்கு வாங்கினால் சரி.

இப்போது தமிழுக்கு வருவோம். கிரந்த எழுத்தை நீக்கி எழுதினால் ஜகரம் சகரமாகும். வல்லின மெய் சொல்லின் இறுதியில் நிற்காது என்பதால் ஓர் உகரமும் சேர்க்க வேண்டும். ஜீப் சீப்பு ஆகிவிடும். தலை வாரலாம், மலை ஏற முடியாது. ஒலிபெயர்ப்பு கைகொடுக்காத இடத்தில் புதுச்சொல் வேண்டும். தமிழ் ஆர்வலர்கள் தந்த சொல் வல்லுந்து.

உந்துதல் தள்ளுதல். அதிலிருந்துதான் பேருந்து, சிற்றுந்து, மகிழுந்து. ஊர்தி இன்னும் பழைய சொல். ஏறிச் செல்வது எதுவும் ஊர்தி. சிவனுக்குக் காளை ஊர்தி, ஓட்டுநர் செலுத்தாமல் விண்ணில் போவது ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்று புறநானூறு பேசுகிறது. தன் விசையால் ஓடுவதைக் காளையிலிருந்து பிரித்துக்காட்ட உந்து என்பதே பொருத்தம்.

எனக்கு நெடுநாள் உறுத்தியது ‘வல்’. இந்த வண்டியின் சிறப்பு வலிமையா? சேற்றில் பெரிய டிரக்குகள் புதைந்த இடத்தில் இது கடந்துபோனதற்கு இதன் குறைந்த எடையும் ஒரு காரணம். மெல்லுந்து என்றல்லவா வைத்திருக்க வேண்டும்? ‘கடலோடா கால்வல் நெடுந்தேர்’ என்ற குறளடி நினைவுக்கு வந்தபோது உறுத்தல் தீர்ந்தது. அங்கே கால் என்பது சக்கரம். வலிமை சக்கரத்தின்மேல் ஏற்றிச் சொல்லப்படுகிறது. ஜீப்பிலும் வலிமை அங்கேதான் இருக்கிறது. கியர்க் கோலுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கோல்கள்: ஒன்று முன் அச்சுக்கும் ஆற்றலை அனுப்பும், மற்றது வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும். நான்கு கால்களும் வலியவை. வல்லுந்து சரியான சொல்தான்.

4×4 என்பதை நான்கு சக்கர வண்டி என்று எழுதுவது மட்டும் பிழை. நான்கு சக்கரம் காருக்கும் உண்டு. நான்கையும் எஞ்சின் சுழற்றுகிறது என்பதே செய்தி. நாற்சக்கர இயக்கம் என்க. அது போகும் பாதைக்குக் கரட்டுவழி என்று நான் எழுதுவேன். கரடு என்றாலே மேடும் கல்லுமான நிலம்.

ஆகவே என் பரிந்துரை இது. அந்தப் போர்க்கால வண்டியைச் சொல்லும்போது ஜீப் என்றே எழுதலாம், அது இடுபெயர். லேண்ட் ரோவர், லேண்ட் குரூசர், ரஷ்ய உவாஸ் எல்லாம் அடங்கிய இனத்துக்கு வல்லுந்து. விற்பனை அறிவிப்பில் ‘வில்லிஸ் ஜீப், 1944’ என்று கண்டால் குழப்பத்துக்கு இடமே இராது.

வண்டி வாங்கியவர் அடுத்துத் தேடுவது காட்டோரத்தில் ஓர் இரவு. அதைப் பாசறை என்று எழுதுகிறார்கள். பாசறை படை தங்கும் இடம்; இரண்டு பேரும் ஓர் அடுப்பும் தங்குவதற்கு அது பெரிய சொல். முகாம் போதும், அரபியிலிருந்து வந்தாலும் வேர்விட்டுவிட்டது. கித்தான் கூரையும் கதவில்லாத பக்கங்களும் கொண்ட வண்டியில் படுத்து உறங்கலாம் என்று கனவு காண வேண்டாம். கூடாரம் தனியே வேண்டும். மின்சாரம் 6 வோல்ட், எம்.38 என்றால் 24. இக்கால 12 வோல்ட் குளிர்பெட்டியை நேரே இணைக்க முடியாது. ஆனால் முன்விளக்கைத் திருகு தளர்த்திப் பின்பக்கம் மடக்கினால் எஞ்சின்மேல் ஒளி விழும். இரவில் பழுதுபார்ப்பதற்கென்றே செய்த ஏற்பாடு. பெட்ரோல் தொட்டி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருப்பதால், நிரப்ப வேண்டுமானால் நீங்கள் எழுந்தாக வேண்டும்.

சுமைக்கு வண்டியின் பழைய பெயரே அளவுகோல். அமெரிக்கக் கணக்கில் கால் டன் 500 பவுண்டு, ஏறத்தாழ 227 கிலோ. இரண்டு கேன் தண்ணீரே 40 கிலோ. மயிற்பீலியே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று குறள் சொன்னது இங்கே உவமையாக இல்லாமல் நேர்ப்பொருளாகவே நிற்கும்.

உபரிச் சக்கரத்துக்கும் உதிரிப் பாகங்களுக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறேன். உப்பு வணிகரான உமணர், பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன நேருமோ என்று வண்டியின் அடிமரத்தில் இன்னோர் அச்சைக் கட்டிப் புறப்பட்டார்கள். புறநானூற்றில் ஔவையார் அதைச் ‘சேம அச்சு’ என்கிறார். அந்தச் சேமத்தை எடுத்துக்கொண்டால் ஜீப்பின் முதுகில் தொங்குவது சேமச் சக்கரம். கருவிப்பெட்டியில் கிடக்கும் ஃபேன் பெல்ட்டும், எஞ்சினில் தீப்பொறிக்கு உதவும் பாயின்ட்டும் கண்டென்சரும் சேமப் பாகங்கள்.