சூளைக்குப் போகாத பளபளப்பு

செட்டிநாட்டுப் பழைய வீடுகள் சிலவற்றில் சுவரில் பதித்த பூப்போட்ட ஜப்பான் டைல்ஸும் மின்னும், தரையில் கிடக்கும் ஆத்தங்குடி டைல்ஸும் மின்னும். இரண்டுக்கும் அந்த மினுமினுப்பைக் கொடுத்தது கண்ணாடிதான். சுவரில் இருப்பதன்மேல் அந்தக் கண்ணாடி இன்னும் இருக்கிறது. தரையில் இருப்பதில் அது வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டது.

ஜப்பான் டைல்ஸின் கதை எளிது. களிமண் பலகையின்மேல் சிலிக்காவும் உலோக ஆக்சைடுகளும் கலந்த பூச்சைத் தடவிச் சூளையில் வைத்தால், பூச்சு உருகி, ஆறும்போது மெல்லிய கண்ணாடிப் படலமாக ஒட்டிக்கொள்ளும். கோபால்ட் இருந்தால் நீலம், செம்பு இருந்தால் பச்சை.

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள ஆத்தங்குடியிலோ சூளையே கிடையாது. ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்குகிறார்கள். அச்சின் ஒவ்வோர் அறையிலும் கலர் கலந்த சிமென்ட் கரைசலைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த சிமென்ட்-மணல் கலவையைத் தூவுகிறார்கள். அதிகப்படி ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். அப்புறம் ஈரக் கலவையை நிரப்பி மட்டம் தட்டினால் ஒரு கல் முடிந்தது. முகம் கீழே, முதுகு மேலே. பூ எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் கல்லைத் திருப்பத்தான் வேண்டும்.

சரி, பளபளப்பு எங்கிருந்து வருகிறது? நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். ஒரு பரப்பின் மேடுபள்ளங்கள் இதைவிட மிகச் சிறியதாக இருந்தால் ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்பும், பரப்பு மின்னும். கரணையால் தேய்த்த சாதாரண சிமென்ட் தரையில் மேடுபள்ளங்கள் பெரிது, அதனால் மங்கல். உருகிய நிலையிலிருந்து உறைந்த கண்ணாடி அவ்வளவு வழவழப்பானது. அதன்மேல் ஊற்றிய சிமென்ட் இறுகும்போது, நீரோடு வினைபுரிந்து உண்டாகும் நுண்ணிய பசை துகள்களுக்கு இடையே உள்ள சந்துகளை நிரப்பிக்கொண்டு, கண்ணாடியின் வழவழப்பை அப்படியே படியெடுத்துவிடுகிறது.

இறுகுவது என்றால் காய்வது அல்ல. சிமென்டில் உள்ள கால்சியம் சிலிக்கேட்டுகள் நீரைத் தங்களுக்குள் கட்டிக்கொண்டுதான் கல்லாகின்றன. நீர் தீர்ந்தால் அந்த வேலை பாதியில் நின்றுவிடும். அதனால்தான் கற்களைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். கொத்தனார் புதுச் சுவருக்குத் தண்ணீர் அடிப்பதும் இதற்காகத்தான்.

நிறத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஈர சிமென்டின் காரத்தன்மை 12 பிஎச்சையும் தாண்டும். சாயப்பொருள்கள் பலவும் அதில் வெளுத்துப்போகும், இரும்பு ஆக்சைடுகள் தாங்கும். சிவப்பு, மஞ்சள், கறுப்பு மூன்றையும் இரும்பே கொடுத்துவிடும். இதில் மஞ்சளைச் சூளையில் வைத்தால், தன்னுள் இருக்கும் நீரை இழந்து சிவப்பாகிவிடும். சூளை இல்லாததால்தான் அந்த மஞ்சள் மஞ்சளாகவே இருக்கிறது.

சிமென்டில் பூக்கல் செய்வது ஆத்தங்குடிக்கு மட்டும் உரிய யோசனை இல்லை. இங்கிலாந்தில் 1824-ல் போர்ட்லாண்ட் சிமென்ட் காப்புரிமை பெற்ற பிறகு, அந்த நூற்றாண்டிலேயே பிரான்சிலும் ஸ்பெயினிலும் சிமென்ட் டைல்ஸ் பரவியது. பார்சிலோனாவில் கட்டடக் கலைஞர் கௌடி வடிவமைத்த அறுகோணக் கற்கள் அந்த வகைதான். அங்கே உலோக அச்சில் வைத்து இயந்திரத்தால் அழுத்துவார்கள். அந்தக் கற்களுக்குப் பெரும்பாலும் மங்கலான அழகு. கண்ணாடித் தகட்டால் வரும் இந்த மினுக்கு எனக்கு அதைவிடப் பிடிக்கும்.

பராமரிப்பில்தான் இரண்டு டைல்ஸின் குணமும் வேறுபடும். மெருகுப் படலம் உள்ள டைல்ஸை எலுமிச்சைச் சாறு ஒன்றும் செய்யாது. சிமென்ட் கல்லில் அது சிந்தினால் கால்சியம் சேர்மங்கள் கரைந்து, அந்த இடம் மங்கிவிடும். குளியலறைக்கு வாங்கும் ஆசிட்டை இந்தத் தரைப்பக்கம் கொண்டுபோகவே கூடாது. பதிலாக, துடைக்கும் தண்ணீரில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவது அந்தப் பக்கத்து வழக்கம். எண்ணெய் நுண்துளைகளுக்குள் இறங்குவதால் ஒளி சிதறுவது குறைந்து, நிறம் ஆழமாகத் தெரியும்.